ஆரம்

பாப்பா, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ கணக்குப் புத்தகத்தை விடவில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டு தாராவியில் தோல் பை தைக்கிற எனக்கு, (x − 3)² + (y − 2)² = 25 என்று எழுதி, அது ஒரு வட்டம் என்றாய்.

"இதுல மையம் எங்க இருக்கு?" என்று கேட்டாய்.

"மைனஸ் மூணு, மைனஸ் ரெண்டு."

"மக்கு அண்ணே, குறி மாறிரும்லா! பிளஸ் மூணு, பிளஸ் ரெண்டு."

"அப்போ அந்த இருபத்தஞ்சு?"

அதற்குள் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் "ஆரம்… அஞ்சு" என்றாய். காலையிலிருந்து டாக்டர் இந்தியில் "ஆராம் கரோ", ஓய்வெடு, என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நீயும் அஞ்சு நிமிஷம் ஓய்வு கேட்கிறாய் என்று நினைத்து, புத்தகத்தை மூடிப் போர்த்திவிட்டேன். தூங்கினாய். பிறகு நீ பேசவே இல்லை.

துக்கம் கேட்க வந்த உன் கிளாஸ் பிள்ளையிடம் அந்த இருபத்தைந்தைப் பற்றிக் கேட்டேன்.

"மையத்துலேருந்து வட்டத்துக்கு உள்ள தூரம்தாண்ணே ஆரம். இருபத்தஞ்சு அதோட வர்க்கம். ஆரம் அஞ்சு."

நீ ஓய்வு கேட்கவில்லை பாப்பா, நான் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாய். உனக்கு இன்னும் சொல்ல இருந்திருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், உங்கள் சாமியிடம் என் தங்கச்சிக்காக ஒரு வார்த்தை கேளுங்கள்.