பட்டாணி நின்ற மூலை

குதிரைப் பயிற்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் மெதுவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்து நாளைக்கு நூறு தடவை "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'போன் அக்கா'வாக இருந்தவள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

அவளை எடுத்ததே போன் எடுக்கத்தான். வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேசை, வகுப்பு நேரங்களை எழுதிப் போட்ட பலகை. குதிரைகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். இரண்டு வருஷம் அந்த ஏற்பாடு மாறவில்லை. பிறகு ஒரு காலையில் பயிற்சியாளர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். ஹெல்மெட் மாட்டிய ஏழு பிள்ளைகள் வரிசையாக நிற்க, முதலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நீ சும்மா கயித்தப் புடிச்சிகிட்டு கூட நட, போதும்" என்றார். அவர் 'போதும்' என்று சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது.

குளம்பு சுத்தம் செய்வாள், சேணம் கட்டுவாள், அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைத்து மேலே ஏற்றுவாள். தான் ஏறுவது மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. ஆரம்பத்தில் நாலைந்து முறை முதலாளி அவளைப் பெரிய பழுப்புக் குதிரையின் மேல் ஏற்றிப் பார்த்தார். அது நாலு எட்டு வைக்கும், பிறகு ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். குதிகாலால் தட்டினாலும் நகராது. "உன்ன எடை போட்டுருச்சும்மா அது" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு இறங்கியவள்தான், அதன் பிறகு ஏறவில்லை. யாராவது கேட்டால், "நான் தரையில இருந்தே சொல்லித்தர்ற ஆளு" என்பாள்.

தீவன மூட்டைகளை மேல்தளத்துக்கு ஏற்றும் லிப்ட் ஒரு சனிக்கிழமை பாதியில் மாட்டிக்கொண்டது. அதைச் சரிபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். முப்பது வயதைத் தாண்டாத, அதிகம் பேசாத ஆள். ஒரு தோளில் கருவிப் பை, இன்னொரு தோளில் மகள். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்குக் காலை டியூட்டி. அதனால் பிள்ளையும் வேலைக்கு வந்துவிட்டது. மூன்று வயதுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

அப்பா லிப்டுக்கு அடியில் படுத்திருந்த நேரத்தில் பாப்பா லாயத்தின் கடைசித் தடுப்புக்குப் போய் நின்றாள். அங்கே இருந்தது பட்டாணி. சாம்பல் நிற மட்டக்குதிரை, பத்தொன்பது வயது, அந்தக் கூடத்திலேயே ரொம்பச் சாது.

"இது பெரிசானா குதிர ஆயிடுமா?" என்று பாப்பா கேட்டாள்.

"இல்லடா கண்ணு. இது பெரிசானதுதான்" என்றாள் மெதுவக்கா.

பாப்பா பட்டாணியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். "அப்ப ஏன் பெரிசா இல்ல?"

மட்டக்குதிரை என்றால் அப்படித்தான் என்று சொல்லலாம். அது பதில் ஆகாது என்பது மெதுவக்காவுக்கே தெரிந்தது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஆனால் பாப்பா அன்றைக்கு வீட்டுக்குப் போக மறுத்துத் தடுப்புக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். முதலாளி, "கயித்த நீ புடி, பிள்ளைய அப்பா புடிக்கட்டும். என்ன குடி முழுகிடப் போவுது?" என்றார். மெதுவக்கா அரை மனதோடு சரி என்றாள்.

சனிக்கிழமை தோறும் காலையில் அவர்கள் வந்தார்கள். முதல் நான்கு வாரம் ஏறுவது என்பது கொஞ்சம்தான். பட்டாணிக்கு முடி வாரிவிடுவது, பின்காலுக்குப் பின்னால் போகாமல் சுற்றி வருவது, விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்துக் காரட் கொடுப்பது. இருப்பதிலேயே சின்ன ஹெல்மெட்டும் பாப்பாவுக்குக் கண்ணை மறைத்தது, உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்தார்கள். சேணத்தில் உட்கார வைத்தால் கால் இரண்டும் கீழே தொங்காமல், ஒன்பதே கால் மணி காட்டும் முள்ளைப் போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்பா ஒரு கையால் அவள் தொடையைப் பிடித்தபடி நடப்பார். லாயத்து வாசலில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், மறுபடி வாசலுக்கு. அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம்தான் மணல் மைதானத்தை முழுச் சுற்று சுற்றினார்கள். மூன்று பக்கம் மரவேலி, நாலாவது பக்கம் உயரமான மதில். மதிலின் தூர மூலைக்கு வந்ததும் பட்டாணி நின்றுவிட்டது.

மெதுவக்கா கயிற்றை இழுத்தாள். நாக்கைச் சொடுக்கினாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகவே நடந்தது. அடுத்த சுற்றிலும் அதே மூலையில் நின்றது. மூன்றாவது சுற்றிலும் நின்றது.

"சோர்வா இருக்கும்" என்றாள் மெதுவக்கா. ஆனால் அதற்கடுத்த வகுப்பில் ஆறு வயது வாண்டு ஒருவனை ஏற்றிக்கொண்டு அதே பட்டாணி பத்துச் சுற்று போனது. அந்த மூலையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாப்பா வந்ததும் மறுபடி நின்றது. சுற்றை இடமிருந்து வலமாக மாற்றினாள். அப்போதும் அங்கேயேதான் நின்றது. பாப்பாவை இறக்கிவிட்டு, அவள் எடைக்கு ஒரு தவிட்டு மூட்டையைச் சேணத்தில் கட்டி நடத்திப் பார்த்தாள். மூட்டையோடு சிட்டாகப் போனது. முதலாளி வாசலில் நின்று, "குதிரைக்கும் மூட்டைக்கும் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மெதுவக்காவுக்கு மண்டை காய்ந்தது. வாரம் முழுக்க, பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும், அந்த மூலையே நினைப்பில் ஓடியது. ஒருநாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூடத் தாண்டிப் போய்விட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" என்றார் மெக்கானிக் ஏழாவது வாரம். அதுவரை அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் பத்து வரி தேறாது. "ஒரு லிப்ட் எப்பப் பாத்தாலும் மூணாவது மாடியிலேயே நிக்குதுன்னு வைங்க. நாங்க உடனே லிப்ட கழட்ட மாட்டோம். மூணாவது மாடியில என்ன இருக்குன்னு மொதல்ல பாப்போம்."

இருவரும் மூலையைப் பார்த்தார்கள். மெதுவக்கா மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, பட்டாணியின் கண் உயரத்தில் இருந்து பார்த்தாள். சுவரில் ஒரு துருப்பிடித்த கொக்கி, ஒரு பழைய டயர், வெயில் காயும் ஒரு பல்லி. டயரை உருட்டி அப்புறப்படுத்தினார்கள். கொக்கியின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். பல்லி தானாகப் போனது. பட்டாணி நின்றது.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "மாடியில கோளாறு இல்லன்னா, உள்ள ஏறுன ஆள பாக்கணும் அக்கா. ஒருத்தர் தெரியாமயே பட்டன்ல சாஞ்சிகிட்டு நிப்பாரு."

"பாப்பா ஒண்ணும் பண்ணலியே தம்பி. பொம்ம மாதிரி உக்காந்திருக்கா."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சுருக்கென்றது. மூன்று வாரமாகப் பட்டாணியின் காதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த முறை கயிற்றை அப்பாவிடம் கொடுத்தாள். பாப்பாவின் காலைத் தான் பிடித்துக்கொண்டு, முகத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். தொட்டி வரைக்கும் பாப்பா ஏதோ முனகிக்கொண்டு வந்தாள். மரவேலி முடிந்து மதில் பக்கம் வந்ததும் முனகல் நின்றது. மூலைக்கு நாலு எட்டு இருக்கும்போது இரண்டு கன்னமும் பந்தாக உப்பின. கண்கள் இறுக மூடின. மெதுவக்காவின் கைக்குள் இருந்த அந்தச் சின்னத் தொடை கட்டை போல விறைத்தது. பட்டாணி நின்றது.

பாப்பாவின் முகம் சிவந்தது. 'புஸ்' என்று மூச்சை விட்டாள். பட்டாணி காலை எடுத்து வைத்தது.

"ஏன்டா கண்ணு கன்னத்த உப்ப வச்ச?"

"நாத்தம் அத்தே" என்றாள் பாப்பா, இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

மதிலுக்கு அந்தப் பக்கம்தான் குதிரை லத்திக் குவியல். தினமும் வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டும் இடம். பதினோரு வருஷத்தில் மெதுவக்காவின் மூக்குக்கு அது மரத்தே போயிருந்தது. குப்பை லாரி போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம். பாப்பா அதைச் சொல் தவறாமல் இங்கேயும் செய்திருக்கிறாள்.

"அதனாலயா?" என்றார் மெக்கானிக். அவர் முகம் விரிந்தது.

"இருங்க தம்பி, பாத்துருவோம்."

நாற்றமே இல்லாத இடமாகப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியருகே, "பாப்பா, இப்ப நாத்தம் அடிக்குது" என்றாள். பாப்பா மோந்து பார்த்தாள். "அடிக்கலயே" என்றாள். "அடிக்குதுன்னு வச்சுக்க." கன்னம் உப்பியது, பட்டாணி நின்றது. "ஊதி விடு." நடந்தது. மறுபடி செய்தார்கள். ஐந்து தடவை செய்ததில் நாலு தடவை சரியாக நின்றது. ஐந்தாவது தடவை பாப்பா சிரித்துவிட்டாள், பட்டாணி தன் பாட்டுக்குப் போய்விட்டது.

அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மெதுவக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய் உண்டுவிட்டு மூடினாள். மூச்சைப் பிடித்தால் உடம்பு இறுகுகிறது. உடம்பு இறுகினால் முதுகில் அது தெரிகிறது. அப்படியென்றால் அந்தப் பழுப்புக் குதிரை?

மத்தியானம் மைதானம் காலியாக இருந்தது. பழுப்புக் குதிரைக்குத் தானே சேணம் கட்டினாள். குதிரை ஏறப் போட்டிருக்கும் படிக்கட்டுப் பெட்டியில் ஏறி நின்றாள். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவே இல்லை. குதிரை நாலு எட்டு வைத்தது, நின்றது.

விடு என்று தனக்குத்தானே சொன்னாள். விடத்தான் வரவில்லை. பயத்தில் மூச்சு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேசினால் மூச்சு விட்டாக வேண்டுமே என்று தோன்றியது. என்ன பேசுவது? வாயில் வந்தது பழைய போன் பேச்சுதான்.

"வணக்கம், குதிரைப் பயிற்சிக்கூடம், சொல்லுங்க. பிள்ளைக்கு என்ன வயசு? சனிக்கிழமை இடம் இல்லிங்க, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி வகுப்பு இருக்கு. முழுக்கால் பேண்ட் போட்டு அனுப்புங்க. ஹெல்மெட் நாங்களே தர்றோம்."

பழுப்புக் குதிரை ஒரு காதைப் பின்னால் திருப்பியது. பிறகு நடந்தது. அவள் நிறுத்தாமல் பேசினாள். இல்லாத அம்மாக்களுக்கெல்லாம் பதில் சொன்னாள், இல்லாத வகுப்புகளில் எல்லாம் இடம் கொடுத்தாள். அரைச் சுற்று, முக்கால் சுற்று. மதில் மூலையும் வந்து போனது. முழுச் சுற்று முடிந்தபோது சட்டை நனைந்திருந்தது, கன்னமும் நனைந்திருந்தது. எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

முதலாளி லாயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "யார் கூடம்மா பேசிகிட்டிருந்த?" என்றார்.

"போன்ல" என்றாள்.

அவள் இறங்கும்போது அவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு வகுப்புகள் கொஞ்சம் சத்தமாகிவிட்டன. புதிதாக வரும் பிள்ளை விறைத்துக்கொண்டால் மெதுவக்கா ஏதாவது பேசச் சொல்வாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஸ்கூலுக்குப் போகும் வழியில் என்னென்ன கடை இருக்கிறது என்று பிள்ளைகள் குதிரை மேலிருந்தபடி ஒப்பித்துக்கொண்டே போவார்கள். கணக்கு வாய்ப்பாடு சொன்ன ஒருவன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினான், அவன் குதிரையும் தடுமாறியது. அவளும் வாரம் மூன்று நாள் ஏறினாள். ஓட விட்டது இல்லை, நடைதான்.

பாப்பாவுக்கு நாலு வயது ஆவதற்கு ஒரு வாரம் முன்பு, கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அப்பா ஒரு பக்கம், மெதுவக்கா ஒரு பக்கம், இருவரும் கைக்கெட்டும் தூரத்தில். கால்கள் இப்போது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன, எட்டு இருபது காட்டும் முள்ளைப் போல. பாப்பா ஊதிவிட்டாள், பட்டாணி நடந்தது. மைதானத்தின் பாதியில், மூலை எதுவும் இல்லாத வெட்டவெளியில், அவள் மூச்சைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன பாப்பா, பயமா?" என்றார் அப்பா.

அவள் தலையாட்டி மறுத்துவிட்டுக் குனிந்து, பட்டாணியின் பிடரியில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் எதையோ கேட்டாள்.

"அத்தே, பட்டாணிக்கு நம்ம நாத்தம் அடிக்குமா?"

மெதுவக்கா பட்டாணியின் முன்னால் போய், தன் புறங்கையை அதன் மூக்கருகே நீட்டினாள். பட்டாணி மூக்கை விரித்து நீளமாக மோந்தது.

"மூச்சப் புடிக்குதா, விடுதா?" என்று மேலிருந்து பாப்பா கேட்டாள்.