மழையில் தண்ணீர் விட்டவர்

கரவெட்டியில் நான் படிப்பித்த பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை, மாரி மழையிலும் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவார். தடித்த கண்ணாடியில் துளிகள் வழியும். சேலைக்கரை முழுக்கச் சேறு. பாடசாலை விட்ட பிறகும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாளியோடு அவர் பின்னால் திரிவாள். எனக்குச் சிரிப்பு வரும்.

“மழைக்கை ஏன் டீச்சர் தண்ணி விடுறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

சிறுமி கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்தார்.

“தாய் வேலையாலை வர அஞ்சு மணியாகும். அதுவரைக்கும் தேப்பனோடை தனிய விடேலாது. அடிக்கிறான்.”

“அதிகாரியளுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னனான். வந்து அவனுக்குப் புத்தி சொல்லிப்போட்டுப் போச்சினம். அண்டைக்குத்தான் பெல்ட்டாலை அடிச்சவன்.”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

தவணை முடிந்த நாள், பிள்ளைகள் கூச்சலிட்டபடி ஓடினார்கள். காவலாளி கேற்றைப் பூட்டப் பூட்டும் திறப்புமாய்க் காத்து நின்றார். சிறுமி மட்டும் போகவில்லை.

“லீவிலையும் தண்ணி விட வரட்டோ டீச்சர்?”

டீச்சர் பூட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“மழை பெய்யுதெல்லோ பிள்ளை. தேவையில்லை.”

சிறுமி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அப்போது மணி பன்னிரண்டுதான் ஆகியிருந்தது.