உக்காத தோணிகள்

சுத்தியலின் மரக்காம்பால் தோணியின் வயிற்றைத் தட்டிக்கொண்டே நடக்கிறார் விஜிதரன். தட்டுகிறார், காதைச் சாய்க்கிறார், ஓரடி நகர்கிறார். சத்தம் இறுக்கமாக வந்தால் பேச்சில்லை. தொப்பென்று வந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். "உள்ளுக்குத் தண்ணி குடிச்சிருக்கு" என்கிறார். யாரிடமும் இல்லை, தோணியிடம்தான்.

தன்னாமுனையில், வாவிக்கரையோரத் தகரக் கொட்டிலில், கண்ணாடியிழையால் வார்த்த பைபர் தோணி திருத்துவது அவருடைய தொழில். வயது நாற்பத்தாறு, பார்த்தால் இன்னும் கூடச் சொல்லலாம். சுனாமிக்குப் பிறகு, கரையெங்கும் பைபர் தோணிகளை வாரிக்கொடுத்த காலத்தில் ஒரு படகுக் களத்தில் வேலை பழகியவர். "நூறு வருசம் இருக்கும் எண்டு சொல்லித்தான் குடுத்தவங்க. இருக்குது. அதுதான் கரைச்சல்."

சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுவரை மூடிய சட்டைதான். இருந்தும் கிரைண்டர் பிடித்தால் கண்ணாடித் தூள் எப்படியோ உள்ளே போய்விடுகிறது. அவர் சொறிவதில்லை. "சொறிஞ்சா இன்னும் ஆழமா இறங்கிரும்." வேலை முடிந்ததும் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்து, எதையும் தொடாமல், வாவியைப் பார்த்தபடி அப்படியே இருப்பார். மனைவி அஜந்தா தேத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவருடைய உடுப்புக்குத் தனி வாளி, தனிக் கொடி. மகளின் தலையைத் தடவுவதென்றாலும் புறங்கையால்தான்.

கொட்டிலுக்குப் பின்னால் செத்த தோணிகள் கிடக்கின்றன. மரத்தோணி என்றால் அடுப்புக்காவது போகும். இவை உக்குவதில்லை. ஒருமுறை எரித்துப் பார்த்தார்; கரும்புகை போய் அயல்வீட்டுக் கைக்குழந்தைக்கு மூச்சு முட்டியது. அதோடு அதை விட்டார். ஒன்றைப் புதைத்தார், மார்கழி வெள்ளம் மண்ணை அரித்து முன்மூக்கான அணியத்தை வெளியே நீட்டியது. குப்பை ஏற்றும் டிராக்டர்காரர் தூரத்திலேயே வேண்டாமென்று கையை ஆட்டிவிடுகிறார். ஆகவே அறுக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூட்டுக்குக் கூரை, வடிகானுக்கு மூடி. "எத்தினை மாட்டுக்குத்தான் தொட்டி செய்யிற?" என்று, கொட்டிலுக்கு அடிக்கடி போய்வரும் என்னிடம் கேட்கும்போது அவர் சிரிப்பதில்லை.

போன புரட்டாசியில் நல்லரத்தினம் தன் தோணியைக் கொண்டுவந்தார். அறுபது கடந்த மீன்பிடிகாரர், தனியாகத் தொழிலுக்குப் போகிறவர். வெளியே பார்த்தால் குறையில்லை, பெயின்ட் பளபளத்தது. எஞ்சின் பூட்டும் பின்பலகையை விஜிதரன் தட்டினார். முழுக்கத் தொப், தொப். சிறு துளையொன்று போட்டார். பைபருக்குள் வைத்து மூடியிருந்த ஒட்டுப்பலகை, தேத்தண்ணீரில் நனைந்த பாண்போல விரலோடு வந்தது.

"மாமா, இது இனி எஞ்சின் தாங்காது. வாவிக்குள்ள கம்பு ஊண்டிப் போங்க. முகத்துவாரத்தால கடலுக்குப் போயிராதீங்க."

"வாவிக்குள்ள மீன் எங்க மனே கிடக்கு? மேலால ரெண்டு மடிப்பு ஒட்டித் தா."

"ஒட்டலாம். ஒட்டினா உங்களுக்கு நம்பிக்கை வந்திரும். அதுதான் எனக்குப் பயம்."

"உனக்கு வேலை செய்யப் பஞ்சி" என்று சொல்லிவிட்டு, கிழவர் தோணியை இழுத்துக்கொண்டு போனார். வேறு யாரோ ஒட்டிக் கொடுத்தார்கள். புதிதாக நீலமும் பூசினார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, கடலிலிருந்து திரும்பி முகத்துவாரத்தில் அலை ஏறும்போது பின்பலகை எஞ்சினோடு கழன்று போனது. உள்ளே தண்ணீர் புகுந்து தோணி புரண்டது. அதன் விளிம்பு அடித்து நல்லரத்தினத்தின் முழங்கால் உடைந்தது. ஆனால் தோணி தாழவில்லை. உள்ளே அடைத்திருந்த நுரைக்கட்டிகள் அதை மிதக்க வைத்தன. வேறொரு தோணி வந்து தூக்கும்வரை கவிழ்ந்த அணியத்தைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார்.

செய்தி வந்ததும் விஜிதரன் தோணி ஒட்டக் கலக்கிய ரெசினை வாளியிலேயே இறுக விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ சொல்லவேண்டியதச் சொல்லிப்போடு மனே."

"சொல்ல ஒண்டுமில்ல மாமா. சாப்பிட்டீங்களா?"

பிறகொரு நாள் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். "நான் ஒட்டியிருந்தா பழைய பலகைய முழுக்கக் கிண்டி எடுத்துப்போட்டு, தடிப்பா ஒட்டியிருப்பன். இன்னும் கொஞ்சக் காலம் தாங்கியிருக்கும். ஒட்டமாட்டன் எண்டதால அவர் எவனிட்டயோ போனார். சரியோ பிழையோ, எனக்கு இன்னும் விளங்குதில்ல."

உடைந்த தோணியை யாரோ கட்டியிழுத்து வந்து கொட்டில் கரையில் போட்டிருந்தார்கள். வாங்கிப்போக ஒருவர் வந்து கேட்டுமிருந்தார். தை பிறந்தபின் நான் போன அன்று நல்லரத்தினம் ஊன்றுகோலோடு வந்து நின்றார்.

"ஆருக்கும் குடுக்காத. இன்னொருத்தன் ஒட்டிக்கொண்டு போவான். வெட்டு."

"வெட்டுறன் மாமா. நீங்க வீட்ட போங்க. தூள் பறக்கும்."

"இருவது வருசமா இதுக்குள்ள இருந்தவன். இப்ப மட்டும் எழும்பிப் போகவா?" கிழவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டார்.

விஜிதரன் மூக்குமூடியை மாட்டி, கிரைண்டரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார். காற்று வாவியிலிருந்து நேராகக் கிழவர் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. கிரைண்டரைக் கீழே வைத்தார். தன் முகத்திலிருந்த மூக்குமூடியைக் கழற்றி, உதறி, கிழவரின் காதுகளில் மாட்டினார். மூக்குத்தண்டின் மேலிருந்த கம்பியைப் பெருவிரலால் மெல்ல அழுத்தி விட்டார். பிறகு தோளில் கிடந்த துவாயைத் தன் வாயைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு, அணியத்தின் பக்கம் குனிந்தார்.