மூடிக்குள் ஒட்டிய கடதாசி

ஷஸ்னாவுக்கு அவளுடைய காக்காவை, அதாவது அண்ணன் இஷாமை, பிடிக்காது. இதை மூடி மறைத்து என்ன பயன்? காத்தான்குடியில் அந்த ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரிந்த சங்கதிதான். இஷாம் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்துகிற சத்தம் கேட்டாலே போதும், அவளுடைய முகம் கடுகடுத்துவிடும்.

ஆனால் வீட்டைக் கட்டியவன் அவன். இந்த ஊர் வழமை அப்படி. தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் காக்காமார் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கலாம். இஷாம் பத்தொன்பது வயதில் கத்தாருக்குப் போனான். அத்திவாரத்துக்கு நாலு வருடம், சுவருக்கு மூன்று, கூரைக்கு மூன்று என்று அங்கே வெயிலில் நின்றான். வீடு ஷஸ்னாவின் பேருக்கு எழுதப்பட்டது. பிறகு அவனும் கலியாணம் செய்து, இரண்டு ஒழுங்கை தள்ளிப் பொஞ்சாதி வீட்டில் குடியேறினான்; கத்தாருக்குப் போய் வருவதை மட்டும் விடவில்லை. தனக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. அதனாலோ என்னவோ, தங்கச்சி முன் அறையில் கம்பியூட்டர் கடை தொடங்கியபோது ஒரு பலகை எழுதுவித்துக் கொண்டுவந்து தன் கையாலேயே சுவரில் பூட்டினான். ‘இஷாம் கம்பியூட்டர்ஸ்’.

கடையில் வேலை முழுவதும் அவளுடையது. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள், அதற்கு முன்பு தைத்தவள். அந்தத் தையல் புத்திதான் அவளுக்குக் கடையில் கைகொடுத்தது. வருகிற பொடியன்மார் எல்லோரும் போனில் ஒரு படத்தை நீட்டுவார்கள். மூன்று காற்றாடி, வானவில் வெளிச்சம், இந்தக் கிராபிக்ஸ் கார்ட்தான் வேணும் என்பார்கள்.

“கார்ட் வடிவா இரிக்கி. எங்க வைக்கப் போறீங்க, மடியிலயா? படத்தக் காட்டாம பெட்டியக் கொண்டு வாங்க” என்பாள்.

கம்பியூட்டர்ப் பெட்டி வந்ததும் அளவு நாடாவை எடுப்பாள். கார்ட்டின் நீளம், அகலம், தடிப்பு மூன்றுக்கும் பிஸ்கட் மட்டையில் ஓர் உருவம் வெட்டி, வந்தவன் கையிலேயே கொடுத்து உள்ளே வைத்துப் பார்க்கச் சொல்லுவாள். மட்டை முட்டினால் கார்ட்டும் முட்டும். பிறகு பவர் சப்ளை எத்தனை வாட், கார்ட்டுக்குப் போகிற தடித்த வயர் எத்தனை என்று பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் மூடியின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டுவாள். ‘550 வாட். தடித்த வயர் ஒன்று. நீளம் 28 சென்ரிமீற்றர். இதற்கு மேல் போடக்கூடாது.’ பேர் கீர் ஒன்றும் எழுதமாட்டாள்.

போன வருடம் இஷாம் கத்தாரை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தான். வரும்போது சூட்கேசில் ஐந்து கார்ட். யாரோ கழற்றி விற்றவை, ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு சென்ரிமீற்றர். திருப்பிக் கொடுக்க வழியில்லாத சாமான்.

“இந்த ஊர்ப் பெட்டிக்குச் சேராது காக்கா. கரண்டும் காணாது.”

“கூடச் சக்தி உள்ள கார்ட் எப்பிடிச் சேராமப் போகும்? எனக்குப் படிப்பிக்க வாறியா நீ?”

அன்றிலிருந்து பேச்சுக் குறைந்துபோனது. அவன் கார்ட்டுகளை அவளுடைய மேசையில் அடுக்குவான். அவன் போனதும் அவள் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள். பிளேன்டீயைக்கூட முகத்தைப் பாராமல்தான் வைப்பாள். ‘டம்’ என்று வைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஏறாவூருக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஜெயரூபன் வந்தான். செட்டிபாளையத்துப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகம், லீவு நாளில் கேம் விளையாடுவதுதான் அவனுக்கிருந்த ஒரே சந்தோசம். ஷஸ்னா கட்டிக்கொடுத்த பெட்டிக்குக் கார்ட் போட வந்தவனை இஷாம் பிடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஜெயரூபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கருகிய நாற்றம் அவனுக்கு முன்னே வந்தது.

“இருபது நிமிசம் விளையாடி இருக்க மாட்டன் அக்கா, புகை வந்திட்டு. உங்கட காக்காதான் போட்டுத் தந்தவர். பலகையில அவர்ர பேர்தானே கிடக்கு, அதால நான் ஒண்டும் கேக்கல்ல.”

இஷாமும் அங்கேதான் இருந்தான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: “கார்ட்டுல பிழையில்ல தம்பி. இவள் போட்ட பவர் சப்ளைதான் பழுது.”

ஷஸ்னாவுக்குத் தலைக்கு ஏறியது. மூடியைக் கழற்றினாள். கார்ட்டுக்கு இடம் விட ஹாட்டிஸ்க் தட்டைக் கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். தடித்த வயர் போதாததால், ஹாட்டிஸ்குக்குப் போகிற மெல்லிய வயரிலிருந்து ஒரு மாற்றுவயர் போட்டுக் கரண்ட் எடுத்திருந்தது. அந்த மூட்டு உருகி வழிந்திருந்தது. மூடியில் கடதாசி இல்லை. பசையோடு ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதுல இரிந்த கடதாசிய ஆர் கிழிச்ச?”

“காத்துக்குத் தடையா இரிந்திச்சு.”

“வாசிச்சுப் போட்டுக் கிழிச்சீங்களா, வாசிக்காமக் கிழிச்சீங்களா?”

இஷாமின் குரல் உயர்ந்தது. “ஆருட ஊட்டுல இரிந்துகொண்டு ஆரக் கேக்கிற? இந்தச் சுவர் ஒவ்வொண்டும் நான் வெயில்ல காஞ்சு கட்டினது. அவன்ட முன்னுக்கு என்ன கேவலப்படுத்துறியா?”

“ஊட்ட நீங்க கட்டினீங்க காக்கா. இல்லண்டு நான் எப்ப சொன்ன? இந்தப் பெட்டிய நான் கட்டினன். இதுல கை வைக்க என்னட்டக் கேட்டிருக்கணும்.” ஜெயரூபனைப் பார்த்தாள். “தம்பி, பிழை இஞ்சதான் நடந்தது. வேற பவர் சப்ளை நான் போட்டுத் தாறன். கார்ட் நான் சொல்றதுதான். சின்னது, ரெண்டு காற்றாடி. நீங்க விளையாடுற கேமுக்கு அது காணும்.”

“என்ட பேர்ல நீ கடை நடத்தத் தேவையில்ல” என்று இஷாம் எழும்பினான். ஸ்குரூ டிறைவரை எடுத்துக்கொண்டு, ஸ்டூலை வாசலுக்கு இழுத்து ஏறினான். ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. ஷஸ்னா போய் அதைப் பிடித்துக்கொண்டாள். விழுந்து தொலைத்தால் அதற்கும் அவள்தானே பதில் சொல்ல வேண்டும். நாலு திருகாணியையும் அவன் கழற்றி முடிக்கும்வரை அண்ணாந்து பாராமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே வந்து மட்டை வெட்டினாள். இருபத்துநாலு சென்ரிமீற்றர். ஜெயரூபன் அதை உள்ளே வைத்துப் பார்த்தான். தட்டு அறுத்த இடத்தையும் சேர்த்து நாலு விரல் இடம் மிஞ்சியது.

“ஆக்கள் கேட்டா இனி எந்தக் கடையெண்டு சொல்ற அக்கா?”

புதுக் கடதாசியில் வாட், வயர், நீளம் எல்லாம் எழுதி, ‘இதற்கு மேல் போடக்கூடாது’ என்பதற்குக் கீழே முதல் தடவையாக ‘ஷஸ்னா’ என்று போட்டு, விரலால் அழுத்தி ஒட்டினாள்.

வாசலில் இஷாம் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நின்றான். பொஞ்சாதி வீட்டுச் சுவரில் அதைக் கொண்டுபோய் மாட்ட அவனுக்குக் கை வராது. அது ஷஸ்னாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், இஞ்சயே கிடக்கட்டும் என்று அவள் சொல்லவில்லை.