துருப்பிடிக்காத அருவா

எங்க கண்மாய்க் கரைக் கருப்பருக்கு உருவம் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு அருவா, நட்டமா நிக்கும், அவ்வளவுதான். நேந்துக்கிட்டவுக கொண்டாந்து நட்ட மத்த அருவாளெல்லாம் ரெண்டு மழைக்குத் துருவேறிப் போகும். இது மட்டும் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில பளிச்சுன்னு இருக்கும். சாமி இல்லாம இரும்பு துருப்பிடிக்காம இருக்குமா? என்கிட்ட இதுல எதிர்வாதம் பண்ணினவன் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போயிருக்கான்.

அதைக் கண்மாய்ச் சேத்துல கண்டெடுத்து நட்டது என்னைப் பெத்த அய்யாவோட ஆத்தா. அப்ப அய்யா கைப்பிள்ளை. அவரோட அப்பா ரங்கூன்ல ஒரு செட்டியார் கடையில கணக்குப்பிள்ளை. சப்பான்காரன் வந்தப்ப நடந்தே ஊர் திரும்பினவுக, அவரு துறைமுகத்துல முதலாளியோட அரிசி மூட்டை அடுக்குற கிட்டங்கிக்குக் காவலாத் தங்கிட்டாருன்னு சொன்னாக. அதோட சரி. இருக்காரா செத்தாரான்னு சேதியே இல்லை. அவரு வந்து சேரணும், இல்லைன்னா நீயே ஒரு வாக்குச் சொல்லணும், அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போடுறேன்னு அந்த ஆத்தா கருப்பர்கிட்ட நேந்துக்கிட்டாக. சாகுற வரைக்கும் தாலியைக் கழட்டல. அய்யாவும் இன்னைக்கு வரைக்கும் பெத்தவருக்குத் திதி குடுத்ததில்லை. சாமி வாக்குச் சொல்லாம எப்படிக் குடுக்குறதும்பாரு. தள்ளாத வயசுலயும் அவருதான் விளக்கேத்துவாரு. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்.

போன மாசிக் களரித் திருவிழாவுக்கு, விமானப்படையில ஓய்வு வாங்கின சிங்கம்புணரிக்காரர் ஒருத்தரு வந்தாரு. அருவாளைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, அடியில சந்தனத்தைத் துடைச்சு, பொறிச்சிருந்த நம்பரைப் போட்டோ எடுத்தாரு. சாமி மேல கை வைக்கிறீகளேன்னு நான் சண்டைக்கே போயிட்டேன்.

ஆனி மாசம் அதே மனுசன் வீடு தேடி வந்தாரு. அது அருவாளே இல்லையாம். குண்டு போடுற விமானத்தோட ரெக்கையில சுத்துமே காத்தாடி, அதுல ஒரு இலையாம். அலுமினியமாம், அதான் துருப்பிடிக்கலையாம். இம்புட்டு வருசமா எண்ணெயும் எலுமிச்சம்பழமும் வச்சுக் கும்பிட்டது இதையா? எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லியிருப்பேன். அய்யா கையமர்த்தி, அவரு சொல்லட்டும்னுட்டாரு.

அந்த நம்பரை வச்சுத் தேடி, விமானத்தோட சாதகத்தையே கையில வச்சிருந்தாரு அவரு. சீமையில செஞ்சு இங்குட்டு வந்து, வங்காளத்துல இருந்து ராவெல்லாம் பறந்துச்சாம். வயித்துல ஓட்டையோட திரும்பி வந்ததும் உண்டாம். ஓடி ஓஞ்சதும், புதுசா வந்த பையங்க பழகட்டும்னு நம்ம காரைக்குடிப் பக்கத்து ஓடுபாதைக்கு அனுப்பிட்டாக. ஒருநாள் ஆகாசத்துலயே காத்தாடி உடைஞ்சு ஒரு இலை கழண்டு விழுந்துருச்சு. மிச்சமிருந்த ஒத்தை எஞ்சினோட எப்படியோ தரையிறங்கிருச்சு. அப்புறம் அது பறக்கவே இல்லை. அங்குட்டே உடைச்சு எடைக்குப் போட்டாக. விழுந்த இலை மட்டும் எங்க கண்மாயில கிடந்திருக்கு.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த அய்யா, "வங்காளத்துல இருந்து எங்குட்டுத் தம்பி போச்சு?"ன்னாரு.

அந்த மனுசனுக்கு எங்க வீட்டுக் கதை என்ன தெரியும்? "அடிக்கடி ரங்கூனுக்குத்தாங்கய்யா. சப்பான்காரனுக்கு அரிசி கிடைக்கக் கூடாதுன்னு துறைமுகத்துக் கிட்டங்கியைக் கொளுத்துறதுதான் இதுக்கு வேலை."

யாரு திரும்பி வரணும்னு அந்த ஆத்தா விளக்கேத்தினாகளோ, அவரு தலைக்கு மேலயே பறந்து போயி நெருப்பைக் கொட்டிட்டு வந்ததுகிட்டயா வேண்டிக்கிட்டாக? கடப்பாரையை எடுத்துட்டுப் போயி அதைப் பேத்துக் கண்மாயிலயே வீசணும்போல ஆத்திரம். அய்யா ராத்திரி சாப்பிடவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இனி அங்க காலே வைக்க மாட்டாருன்னு இருந்தேன். வழக்கம்போல வேட்டியை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. என்னத்தச் சொல்ல, நானும் எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கிட்டுக் கூடப் போனேன். அருவாளுக்கு முன்னாடி வந்து நின்னாரு. நான் விளக்கைத் துடைச்சு எண்ணெய் ஊத்தப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"விளக்கு வேண்டாம்மா. கருப்பர் வாக்குச் சொல்லிட்டாரு. வர்ற ஆடி அமாவாசைக்கு எங்க அப்பாவுக்குத் திதி குடுத்துருவோம்."