நீர்வேலிக் கிணற்றடியில் நான் போட்ட கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், நீர்வேலியில் நடந்தது இது. அப்போது நான் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்சரகணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் விடை சொல்லாமல் தப்பிய சமன்பாடே இல்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

சித்தப்பா தம் தோட்டத்தை இரண்டு மகள்மாருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். வாழை பெரியக்காவுக்கு, கத்தரி சின்னக்காவுக்கு, கிணறு பொது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறு நாளொன்றுக்குச் சில மணித்தியாலம்தான் தாக்குப்பிடித்தது. குலை தள்ளிய வாழைக்கு எவ்வளவு நேரம், பூத்து நின்ற கத்தரிக்கு எவ்வளவு நேரம் என்று தீர்க்காவிட்டால் கிணற்றுத் துலாக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவேன் என்று பெரியக்காவின் புருஷன் பெரியத்தான் சொல்லிவிட்டார். கயிறு அவருடையது. ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்கிற துலா மரம் சின்னக்காவின் புருஷன் சின்னத்தானுடையது. இரண்டு பயிரும் சாக அது போதும்.

என்னைக் கூப்பிட்டார்கள். சைக்கிளில் பறந்தேன்.

இரண்டு நாள் தண்ணீர் இறைத்ததை மணிக்கூடு பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். முதல் நாள், வரப்புக் கட்டிப் பிரித்த தோட்டத்தில் இரண்டு துண்டு வாழையும் மூன்று துண்டு கத்தரியும் நனைய மூன்று மணித்தியாலம். மற்ற நாள் நாலு துண்டு வாழை, ஆறு துண்டு கத்தரி, ஆறு மணித்தியாலம்.

"தெரியாதது ரண்டு, சமன்பாடு ரண்டு. தேத்தண்ணி ஆற முந்தி விடை வரும்" என்றேன்.

தேத்தண்ணி ஆறி, அதில் எறும்பும் விழுந்தது. முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் வாழையும் போயிற்று, கத்தரியும் போயிற்று, மணித்தியாலமும் போயிற்று. பூச்சியம் சமன் பூச்சியம்! எங்கோ பெருக்கலில் பிழை என்று நாலு தரம் போட்டேன். நாலு தரமும் அதே பூச்சியம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

மானம் போகக்கூடாதே. "வாழைத் துண்டுக்கு நாற்பத்தைஞ்சு நிமிஷம், கத்தரிக்கு முப்பது" என்று குத்துமதிப்பாக எடுத்துவிட்டு, இரண்டு நாளுக்கும் பொருத்திக் காட்டினேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

பெரியத்தான் விரல் மடித்தார். "தம்பி, வாழைக்கு ஒரு மணித்தியாலம், கத்தரிக்கு இருபது நிமிஷம் எண்டு போட்டுப் பார்."

போட்டேன். பொருந்தியது.

"அப்ப வாழைக்கு அரை மணித்தியாலம் காணும், கத்தரிக்கு நாற்பது நிமிஷம்" என்றார் சின்னத்தான். அதுவும் பொருந்தித் தொலைத்தது.

"உவன் எல்லாருக்கும் ஓம் எண்டுறான்! உவனைக் கோட்டிலை நீதவானாய் இருத்தினால் கள்ளனும் வெல்லுவான், களவு குடுத்தவனும் வெல்லுவான்" என்றபடி பெரியத்தான் கயிற்றை அவிழ்க்க எழும்பிவிட்டார்.

வாய்க்கால் தண்ணீரைத் துண்டுக்குத் துண்டு திருப்பிவிடுவது சின்னக்காவின் வேலை. அவர் மண்வெட்டியில் சாய்ந்து நின்று என் தாளை எட்டிப் பார்த்தார்.

"ரண்டாம் நாள் என்னத்தையடா புதுசாய்க் கண்டனி? முதல் நாள் வேலையைத்தானே ரண்டு தரம் செய்தனாங்கள். எங்கடை வாய்க்கால் ரண்டு வாழை, மூண்டு கத்தரி, திரும்ப ரண்டு வாழை, மூண்டு கத்தரி எண்டுதானே போகுது. நூறு நாள் இறைச்சாலும் உதே கதைதான். நாளைக்கு வாழையை மட்டும் நனைச்சுப் பாருங்கோவன்."

தாளைக் கீழே வைத்தேன். ஒரு சமன்பாடு மற்றதன் மடங்கானால் இரண்டும் ஒன்றுதான், பொருந்துகிற விடைகளுக்கு எண்ணிக்கையே இல்லை என்று வகுப்பில் வருஷாவருஷம் ஒரே வரியில் சொல்லித் தாண்டுகிறவன் நான். அந்த வரி கத்தரிப் பாத்திக்குள் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும் என்று யார் கண்டது?

மறுநாள் விடிய பெரியத்தான் துலா மிதிக்க, சின்னத்தான் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்தார். என்னை மணிக்கூடு பார்க்க விட்டார்கள், அதற்கு மேல் நம்பவில்லை. ஒரு வாழைத் துண்டு நனைய நாற்பத்தெட்டு நிமிஷம். அப்படியானால் கத்தரிக்கு இருபத்தெட்டு. இரண்டு அத்தான்மாரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

"நான் மூண்டு நிமிஷம்தானே பிழைவிட்டனான்" என்றேன் மெல்ல.

"குருட்டடி" என்றார் பெரியத்தான்.

அன்று தொடக்கம், "ரண்டு பேர் சொல்லிப்போட்டினம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், முதலாமவர் சொல்லாத எதை இரண்டாமவர் சொன்னார் என்று பார்க்கிறேன். ஒன்றும் இல்லையென்றால், எனக்கு இன்னும் தெரியாது என்று சொல்ல இப்போது அவ்வளவு வெட்கமாக இருப்பதில்லை.