மாமா தலைமேல் சத்தியம்

ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. தினமும் காலையில் மாமாவோடு, சண்டாஸ் என்று நாங்கள் சொல்லும் பொதுக் கழிப்பறை வரை நடந்துபோய், அவர் உள்ளே போய்விட்டு வந்ததும், "என்ன கலர் மாமா?" என்று கேட்டு, பதிலை அம்மாவிடம் சேர்ப்பிக்க வேண்டும். தாராவி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு உத்தியோகம் பார்த்த பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை. கல்யாணம் ஆகாதவர், எங்களோடு அந்த ஒற்றை அறையில்தான் இருந்தார். முதலில் காமாலை என்றார்கள், பிறகு கல்லீரலில் கட்டி என்றார்கள், புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத மனுஷர். கல்லீரல் என்று கேள்விப்பட்டதுமே எங்கள் சந்து அவரைப் பெரிய குடிகாரராக்கிவிட்டது.

ஒருமுறை ரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொண்டைக்குக் கீழே ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றன என்று குழாய் விட்டுப் பார்த்து, உள்ளேயே அவற்றுக்கு ரப்பர் வளையத்தால் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மலம் கருப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"ரோட்டுக்கு ஊத்துற டாம்பர் மாதிரி இருக்குமாம்ட்டி. அப்படின்னா ஓடியாந்து எங்கிட்ட சொல்லிரணும்," என்று அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் நேராகக் கேட்டால் மாமா எரிந்து விழுவார். தவிர, காலையில் அவளால் இட்லிக் கொப்பரையை விட்டு நகர முடியாது. அவள் அவிக்க அவிக்க அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் விற்கப் போவார். எனக்கு மத்தியானப் பள்ளிக்கூடம் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. மாமா தினமும் "மஞ்சள்" என்பார். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய கட்டத்தில் மஞ்சள் கிரேயானால் ஒரு பொட்டும் வைப்பேன். அந்தப் பொட்டு என் சொந்த ஏற்பாடு, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மாமா உள்ளே போனவர் வெளியே வரவில்லை. ஆண்கள் பக்கம் வரிசை நீண்டது. கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் அந்தப் பக்கம் போகக்கூடாது, வாசலிலேயே கால் மாற்றி நின்றேன். ஒருவழியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது.

"என்ன கலர் மாமா?"

"மஞ்சள்."

அவருக்கு அடுத்து உள்ளே போன ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே வேகத்தில் வெளியே வந்தான். "அந்தர் கிஸ்னே டாம்பர் டாலா ரே?" என்று கத்தினான். உள்ளே யார் தார் ஊற்றியது என்று கேட்கிறான். மாமாவைப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மாவு மில்லுக்குப் பின்னால் இழுத்துப்போய், என் கையைத் தன் தலைமேல் வைத்து அழுத்தினார்.

"அம்மாட்ட மஞ்சள்னே சொல்லு. வேற வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

எங்கள் ஆட்களிடையே இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. தலைமேல் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குரியவர் செத்துப்போவார். சந்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் அழுதுகொண்டே சத்தியம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "மஞ்சள்" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த தட்டுக்கு மாவு ஊற்றினாள்.

மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் சத்தியத்தால் செத்துப்போவார், சொல்லாவிட்டால் டாம்பரால் செத்துப்போவார். இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்துக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. வாயைத் திறக்கமாட்டேன் என்றுதானே சத்தியம்? கருப்புக் கிரேயானை எடுத்து, அன்றைய கட்டம் முழுக்க அழுத்தி அழுத்திப் பூசினேன். காலண்டரைக் கழற்றிக் கொண்டுபோய் அடுப்புக்கு எதிரே நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடியே வைத்திருந்தேன். அம்மா காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு டாக்சி பிடிக்க ஓடினாள்.

டாக்சிக்குள்ளேயே மாமா ரத்தமாக வாந்தியெடுத்தார். அம்மாவின் மடி முழுக்க ரத்தம். ஆனாலும் கட்டுப்போட்டு, ரத்தம் ஏற்றி, பிழைக்க வைத்துவிட்டார்கள். வார்டில் எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். "புள்ளதான் காப்பாத்திருக்கு," என்று ஒரு நர்ஸ் என் கன்னத்தைக் கிள்ளினாள். மாமா மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன என்று எனக்குக் கோபமாக வந்தது.

அதன்பிறகு ஏழு வாரம் இருந்தார். வயிறு பானையாக வீங்கியது. வலி வரும்போது துண்டைக் கடித்துக்கொள்வார். அவர் போனபோது, கிரேயானும் சத்தியத்தில் சேர்த்திதான் போலிருக்கிறது, நான்தான் கொன்றுவிட்டேன் என்று முடிவு செய்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கல்லூரி முடித்த வருஷம்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"சத்தியத்துல என்னட்டி இருக்கு," என்றாள். "மொதத் தடவ கட்டுப் போட்டப்பவே எப்படி முடியும்னு டாக்டர்ட்ட தனியாக் கேட்டிருக்கான். ரத்தமாப் போனா ஒரே நாள்ல மயக்கத்துல முடிஞ்சிரும், இல்லன்னா வலியில கெடக்கணும்னு அவரு சொல்லியிருக்காரு. கண்ணு முழிச்சதும் எங்கிட்ட மொத வார்த்தையா, ஏன்க்கா கொண்டாந்தேன்னுதான் கேட்டான். அவன் மனசு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு டாக்சியக் கூப்பிட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல."

அந்த ஏழு வாரமும் காலையில் கண் விழித்ததும் நான் முதலில் மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கும். சந்தோஷத்தில் குதித்து எழுந்து, "மாமா, நான்தானே உங்களக் காப்பாத்துனேன்?" என்று தினமும் கேட்பேன். வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, "ஆமாட்டி, நீதான்," என்பார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.